தடை

மொட்டைமாடி மெஷின் ரூமில், கையெல்லாம் கிரீஸோடு
விலாஸ் காம்ளே கேட்டான்:
இதுக்கு உங்க பாஷையில என்ன பேரு?

இது என்றால், இரும்புக் கட்டைகள் அடுக்கிய சட்டம்.
கூண்டு ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும்,
எந்த மாடியிலும் யாருக்காகவும் நிற்காது.

கையேட்டில் எதிரெடை என்று போட்டிருக்கிறது.
அதை யார் வாயிலும் நான் கேட்டதில்லை.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் செல்லக்கனி எண்ணெய்க்கடை.
தூக்குவாளியை நீட்டினால்
முதலில் வெறுமனே தட்டில் வைப்பார்.
மறுதட்டில் ஒரு கல், ஒரு ஆணி,
போதாததற்குச் செல்லாத எட்டணா.
முள் நேரே நின்றதும்,
"தடை கட்டியாச்சு, பாத்துக்க."
அதன் பிறகுதான் எண்ணெய்.
வாளிக்குக் காசு வாங்கமாட்டார் என்பதற்கு
அந்தச் சொல்தான் ரசீது.

தடை, என்றேன்.
வேற எதுக்கும் சொல்வீங்களா?
சொல்வோம்.
என் தங்கை கல்யாணத்துக்கு வந்ததும் அதுதான்.
கோர்ட் கொடுக்கிறதும் அதுதான்.
விலாஸ் சிரித்தான்:
அப்ப இந்தக் கட்டிடமே அதுலதான் நிக்குது.
மெய்தான்.
இடிக்கச் சொல்லிப் பதினோரு வீடு,
கூடாதென்று ஒன்பது வீடு,
நடுவே ஒரு ஹைகோர்ட் காகிதம்,
மூன்று மழைக்காலமாக.

அன்றைக்கே மூன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரு பெண், தனியாக.
விலாஸ் கீழே ஓடினான். செக்ரட்டரி வந்து கத்தினார்:
பிரேக்கை விட்டால் விழுந்துவிடுமே!

விழாது.
தனியாள் என்றால் தடைக்குத்தான் கனம்.
விரற்கடை விரற்கடையாக விட்டேன்.
அவள் போகவேண்டியது கீழே.
கூண்டு வந்து நின்றது நாலாவது மாடி.

போனில் விலாஸ் மெல்லப் பேசினான்:
கையில பெரிய பெட்டி.
இதே மாடியிலதான் ஏறியிருக்காங்க.
யாரு என்னை மேல இழுத்ததுன்னு கேட்டாங்க.
எனக்கு மராத்தியில வார்த்தை வரல,
தடைன்னுட்டேன்.

அப்புறம்?
கதவு ஒண்ணைப் பார்த்துட்டே நின்னாங்க.

ஷாஃப்ட் வழியாக மேலே கேட்டது,
ஒவ்வொரு படியிலும் பெட்டிச் சக்கரம் இடிபடும் சத்தம்,
இறங்கிக்கொண்டே.

கூண்டு காலி.
என் கை பிரேக்கில்.
விட்டால் இன்னும் மேலேதான் வரும்.