போல்ட்டு

பதினோரு முட்டை வைத்தேன்.
ஆறு எங்களுடையது. ஐந்து
பள்ளக்காட்டுப் பாவாத்தாளிடம் கைமாற்று.
பொரித்தால் ரெண்டு குஞ்சு தர வேணும் என்று பேச்சு.

பழைய தக்காளிக் கூடை, அடியில் வாய்க்கால் மணல்,
அதன்மேல் சோளச் சருகு.
இடிக்கு ஒரு கரித்துண்டு, மூணு வரமிளகாய்,
ஒரு துண்டு இரும்பு:
போர் மோட்டாரிலிருந்து கழன்ற போல்ட்டு.

செவலை ஏறி உட்கார்ந்தது
கிரயம் முடித்த காட்டில் கால் வைக்கிற மாதிரி.

நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும்.
நாலு கொத்து கம்பு, ரெண்டு மிடறு தண்ணி,
சாம்பலில் ஒரு புரளல்,
ஊரே மூக்கைப் பொத்துகிற ஒரு எச்சம்.
பிறகு நேரே கூடைக்கு.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை
முட்டைக்கடியில் பிடித்தேன்.
ஒன்பதில் ரத்த நரம்பு, சிலந்தி கால் விரித்தாற்போல்.
ரெண்டு வெறும் மஞ்சள். எடுத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் குண்டடத்துக்கு மேற்கே
காத்தாலைகள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்தன.
இடி விழவில்லை.
தண்ணி வந்தது, கட்டுத்தரை வழியாக.
விடிந்து போய்ப் பார்த்தால்
வயிறு நனைய உட்கார்ந்திருக்கிறது, எழவில்லை.
போல்ட்டு இடிக்குத்தான் காவல்,
தண்ணிக்கு யார் என்ன வைத்தார்கள்?

இருபத்தியொண்ணு போனது.
இருபத்துநாலாம் நாள் ஒரு முட்டை வெடித்து நாறியது.
அப்போதும் மீதி எட்டை அலகால் உருட்டி
நெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தது.

"மூக்குல ஒரு எறகக் குத்தி உட்டீன்னா
அடை தெளிஞ்சிரும் புள்ள" என்றாள் பாவாத்தாள்.
ஓர் இறகு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி
பல்லடத்துப் பொரிப்பகத்து வண்டியை நிறுத்திவிட்டு இவர் வந்தார்,
கையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி.
"கழிச்சதுங்க. கால் கோணல், தொப்புள் ஆறாதது.
காத்தால குழியில போட்ருவாங்க."
ஏழு. எல்லாம் வெள்ளைக் கம்பெனிக் குஞ்சு.

விளக்குப் போடவில்லை.
இறகுக்கடியில் கைவிட்டேன்,
இப்போதுதான் தேய்த்து மடித்த துணியின் சூடு.
ஒரு முட்டை வெளியே, ஒரு குஞ்சு உள்ளே.
கையை ஒரு தடவை கொத்தியது, வலுவில்லாமல்.
அப்புறம் தொண்டைக்குள் ஒரு சத்தம்,
இருபத்துநாலு நாளாக நான் கேட்காத சத்தம்.

காலையில் ஒன்று செத்திருந்தது.
ஆறு, செவப்பு இறகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

ஒன்றும் தெரியாத பிள்ளைகள்.
அது குப்பையைச் சீய்க்கும், கூப்பிடும்;
இதுகள் நின்று அதன் முகத்தைப் பார்க்கும்.
கலயத்தில் சாணியும் ஓலையும் நனைத்துக் கவிழ்த்து
கறையான் பிடித்துக் கொட்டினேன்.
மூணாம் நாள் முதலில் கொத்தியது கோணக்காலி.

ஒரு மாசத்தில் தாயளவு தடித்துவிட்டன.
மழை வந்தால் இன்னும் அதன் அடியில் நுழையத்தான் பார்க்கும்.
அது நுனிக்காலில் எக்கி நிற்கும்,
ஆறு மூட்டைமேல் போட்ட சாக்கு.
பருந்து நிழல் விழுந்தால் ஓடத் தெரியாது, படுத்துவிடும்.
வேலிக்கு ஓடின செவலை
திரும்பி வந்து கழுத்தைச் சிலிர்த்து நடுவில் நிற்கும்.

நாற்பத்தெட்டாம் நாள் ஒவ்வொன்றின் மண்டையிலும் கொத்தி
அக்கட்டால போ என்று விரட்டியது.

பாவாத்தாள் கணக்குத் தீர்க்க வந்தாள்.
வெள்ளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"என்ர சேவலுக்கா இது?"
"செவலை வளத்ததுக்கா."
ஒன்றைத் தூக்கி எடை பார்த்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
கக்கத்துக்கு ஒன்றாகக் கிளுவை வேலியோரம் போனாள்.

செவலை திரும்பிப் பார்க்கவில்லை.
கொண்டை செவந்து, கெக்கெக்கென்று கத்திக்கொண்டு
கூடைக்குள் போய்விட்டது.
மணலை மாற்றியிருந்தேன்.
போல்ட்டு கிடந்தது அங்கேயே.