இரண்டேகால்

பீடோருக்கு வெளியே
பழைய வண்டிகளைப் பாதிப் பாதியாக அறுத்து விற்கும்
ஆ சூன் கடையில் முந்நூற்றைம்பது வெள்ளி சொன்னார்.
“சாமா லா, கமலா. உன் ஜிம்னிக்கு இதேதான்.”

என் பெயர் செங்கமலம்.
அது கிடக்கட்டும்.
இது சாமா இல்லை.

எண்பத்து நாலாம் வருஷத்து என் வண்டியில்
டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிக்குடித்தனம்.
கியர்பாக்ஸோடு ஒட்டாது.
நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் தூது போகும்.
மூன்று ரப்பர் காதுகளில் தொங்கிக்கொண்டு
முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று
சோறு பிரித்து வைக்கும்.

ஆ சூன் காட்டியதற்கும் மூன்று காதுதான்.
ஆனால் நம்பர் மேல் யாரோ
வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தார்கள்.
மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன்.
ஒரு மூன்று. பாதி எட்டு.
மீதியை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே போகிற பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு,
வெளியே வருகிற பக்கத்தில் இன்னொன்று.
லிவரை லோவில் தள்ளி
அந்தக் கோடு ஒரு சுற்று முடிக்கும்வரை
இந்தக் கோட்டைக் கையால் சுழற்றினேன்.
நான் தமிழில் எண்ணினேன், அவர் கன்டனீசில்.
இரண்டரை வந்தால் என் வண்டிக்குச் சொந்தம்.

இரண்டேகாலில் நின்றது.

“கை வழுக்கியிருக்கும்” என்று அவரே சுழற்றினார்.
அவர் மொழியிலும் கால் குறைந்தது.
“கால் சுற்றில் என்ன இருக்கிறது?”

சாம்பார் இருக்கிறது, தவுக்கே.

ஒன்பதாம் பிளாக்கில் குலை வெட்டுகிறவர்கள் அறுபத்திரண்டு பேர்.
பதினொன்றே முக்காலுக்குச் சோறு இறங்க வேண்டும்.
மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் இறக்கத்தில்
பிரேக்கைத் தொட்டால் வண்டி பக்கவாட்டில் போகும்,
தொடாவிட்டால் அண்டா முன்னால் வரும்.
போன மாசம் வந்தது.
இதோ, முழங்கைக்கு மேலே தழும்பு.

இருநூறுக்கு இறங்கி வந்தார்.
பொருந்தாது என்று தெரிந்தேதான் வாங்கினேன்.
எனக்கு வேண்டியது கூடு மட்டும்.
குடல் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தது,
தாய்லாந்துக்காரன் கடைந்த பல்சக்கரங்கள்,
ஒவ்வொன்றும் எண்ணெய்த்தாளில் சுற்றி.

மூன்று ராத்திரி.
வெங்காயம் உரிக்கிற அதே பலகையில்
பேரிங், வாஷர், சாவிக்கட்டை என வரிசை வைத்தேன்.
கேஸ்கெட்டுக்கு மைலோ அட்டை வெட்டினேன்.
ஒரு காது சாசியோடு சேர மாட்டேன் என்றது.
வெல்டிங் பிடிக்கிற இன்பரசு
இரண்டு விரல் தள்ளிப் பட்டை வைத்தான்,
கூலியாக நாற்பது வெள்ளியும்
நண்டுப் பிரட்டலும் கேட்டான்.
நண்டு நாற்பதைவிட அதிகம் என்று சொல்லவில்லை.
மறுநாள் ரசத்தில் கியர் ஆயில் வாடை
என்று யாரும் புகார் செய்யவும் இல்லை.

பூட்டுவதற்கு முன் மறுபடி சாக்குக்கட்டி.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
நாலும் அரைக்காலும்.

வெள்ளிக்கிழமை.
இறக்கத்தின் தலையில் லோ, முதல் கியர்.
இரண்டு காலையும் எடுத்துவிட்டேன்.
இஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு கல்லையும் விசாரித்து விசாரித்து இறங்கியது.
கோழி ஒன்று முந்திப் போனது.

அவ்வளவு மெதுவில் உட்கார்ந்திருக்க வெட்கமாகிவிட்டது.
கதவைத் திறந்து இறங்கினேன்,
ஸ்டீயரிங்கில் ஒரு கை வைத்து
மாட்டோடு நடக்கிற மாதிரிக் கூடவே நடந்தேன்.

கீழே செம்பனை நிழலில் ரஃபீக்குல் எழுந்து நின்றான்.
அவன் பக்கத்திலிருந்து பார்த்தால்
வண்டியில் ஆள் இல்லை.
“ஹந்து! ஹந்து!”
வாளி உருண்டது, நாலு பேர் ஓடினார்கள்.

பேய் வந்து நின்று மூடியைத் திறந்தது.
சாம்பார் ஒரு கரண்டி சிந்தியிருந்தது.

ஒரு கரண்டி.
டயரில் காற்றைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.