தலைக்கு அறுபத்தெட்டு ரூபாய்

ஆண்டுக்கு, தலைக்கு, அறுபத்தெட்டு ரூபாய்.
மின்னஞ்சல், நாட்காட்டி, இரண்டும் சேர்த்து.
படிக்கிற இடம் என்பதால் இந்த விலை
என்று தாளை நீவிக் காட்டினார் யேசுரத்தினம்.
காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஆறு டீ,
அதிலும் பாதி நுரை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
மாணவர். ஆசிரியர்.
ஆசிரியர் என்றால் பணிப்பதிவேட்டு எண் வேண்டும்.
என்னிடம் இருப்பது
மணிக்கணக்குப் போட்ட ஒரு வவுச்சர்.
கௌரவ விரிவுரையாளர் என்று பெயர்.
கௌரவத்துக்குக் கட்டம் இல்லை.

யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மூணாம் வருஷம் பிசிக்ஸ்ல ஒரு பொண்ணு
டி.சி. வாங்கினு போயிட்டா மேடம்.
அந்த எடம் சும்மாதான் கெடக்குது."
முப்பத்தாறு வயதில்
மறுபடி மாணவியானேன்,
வரிசை எண் நாற்பத்தொன்று.

ஆசிரியர் பார்த்தால் சாம்பல் பட்டை மட்டும் தெரியும்,
மேலே 'வேலை' என்று ஒற்றைச் சொல்.
கூடப் படிப்பவளுக்கு எழுத்தெல்லாம் தெரியும்.
நான் கூடப் படிப்பவள்.

கோகிலவாணி, விடிகாலை நாலரை முதல்: பூ.
அவ்வளவுதான், ஒரே எழுத்து.
அஃப்ரோஸ், ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று: பீடி, ஐநூறு.
ஜெபசெல்வி, சனி ஞாயிறு: ஆம்பூர் ஷூ கம்பெனி, மேல்தோல் தையல்.
சுபாஷிணி, இரவு பத்து முதல் காலை ஆறு:
ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜ், வரவேற்பு மேசை.
கல்கத்தா நோயாளிகள் இறங்கும் நாளுக்குத் தனி நிறம்,
'நோமோஷ்கார்' என்று தமிழில் அடித்திருந்தாள்.

முதல் மணியில் தூங்குகிறாள் என்று
மூன்று தடவை எழுப்பி நிற்கவைத்தது அவளைத்தான்.
விசை பெருக்கல் நகர்ந்த தூரம், அதுதான் வேலை
என்று போர்டில் எழுதியதும் நான்தான்.
மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம்
நகராமல் நிற்பவளுக்கு
சமன்பாடு சுழி காட்டும்.

இரண்டாம் வாரம் சொல்லிவிட்டேன்,
நாற்பத்தொன்று நான்தான் என்று.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
அப்புறம் அஃப்ரோஸ்:
"அப்ப உங்களுது ஏன் மேடம் காலியா இருக்குது?"

நிரப்பினேன்.
திங்கள், வியாழன்: ராணிப்பேட்டை ட்யூஷன்.
வெள்ளி பிற்பகல்: இன்னொரு கல்லூரி.
மாதத்தின் முதல் வாரம் முழுக்க:
சம்பளம் வந்ததா என்று கேட்பது.

வெப்பவியலில் இரண்டாம் விதி பாக்கி.
பொது நேரம் தேடச் சொன்னால்
மென்பொருள் மூன்று நொடி சுற்றிவிட்டு
'இல்லை' என்றது.
கையால் தேடியபோது
செவ்வாய்க்கிழமை, ஐந்து நாற்பதிலிருந்து
வெள்ளையாக ஒரு கீற்று அகப்பட்டது.
அது ஜோலார்பேட்டை பாசஞ்சர்.

அழைப்பு அனுப்பினேன். இடம்: பெண்கள் பெட்டி.
இருபத்தாறு பேர் 'வருகிறேன்' என்றார்கள்.
எப்படியும் வரத்தானே போகிறார்கள்,
சீசன் டிக்கெட் இருக்கிறதே.

லத்தேரி வரைக்கும் முறுக்குக்காரர் விடவில்லை.
வெப்பம் தானாகக் குளிரிலிருந்து சூட்டுக்கு ஏறாது
என்று நான் முடிப்பதற்குள் குடியாத்தம்,
பாதி வகுப்பு இறங்கிவிட்டது.
அஃப்ரோஸ் படியில் நின்றபடி, "அப்ப ஃப்ரிட்ஜ்?"
பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்
பதிலுக்கு நிற்காமல்.
ஆம்பூரில் ஜெபசெல்வியும் இறங்கினாள்.
காலி சீட்டில் உட்கார்ந்து
ஃப்ரிட்ஜுக்கான பதிலை அவளுக்கு அடித்தேன்.
எதிர்வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

சுபாஷிணி ரயிலில் வருகிறவள் இல்லை.
அவளுக்கு நோட்ஸ் மின்னஞ்சலில்.
'படிக்கப்பட்டது' என்று வரும்,
இரண்டு பதிமூன்றுக்கு, மூன்று நாற்பதுக்கு.

மே மாதம் எல்லோருக்கும் வந்த கடிதம்
எனக்கும் வந்தது:
'அன்புள்ள மாணவி, படிப்பு முடிந்ததால்
இந்தக் கணக்கு முப்பத்தொன்றாம் தேதி மூடப்படும்.
வாழ்த்துகள்.'
என் பணி ஆணை ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.
அதற்கு யாரும் கடிதம் போடவில்லை.

யேசுரத்தினம் இப்போதே விசாரிக்கிறாராம்,
இரண்டாம் வருஷத்தில் யாராவது
டி.சி. கேட்கிறார்களா என்று.