நேத்துப் போலாம்

சொஹார் துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
கண்ணாடித் தரைக்குமேல் குனிந்து உட்கார்ந்து
நான் பார்க்கும் வேலைக்கு
மொத்தம் பதினோரு சொல் போதும்.
தூக்கு, இறக்கு, நில், மெதுவாக, இன்னும் கொஞ்சம்.
இந்தியில் பாதி, அரபியில் பாதி,
மிச்சத்தை வாக்கி டாக்கியின் கரகரப்பே சொல்லிவிடும்.

ரெனிட்டாவிடம் இந்த வாரக் கணக்குக்கு முப்பத்திரண்டு.
டெல்சி அதை மளிகை ரசீதின் முதுகில் எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.
இருபத்தொன்பதாவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.
அது சொல் இல்லை, தும்மல்.
இல்லை என்கிறாள் டெல்சி,
தும்மலுக்கு அவளே வைத்த பெயர்.

குளிக்கலாமா?
"ஆமாட்டேன்."
பருப்பு சாதம்?
"ஆமாட்டேன்."
ஆமாம் பாதி வழி வந்து
மாட்டேனில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.
ஓவர்டைம் கேட்டு ஃபோர்மேன் கூப்பிடும்போதெல்லாம்
நாலு வருஷமாய் நான் தேடிய பதில் இது.

மக்ரிப் பாங்கு முடிந்து, சூடு ஒரு பிடி தணிந்தபின்
கட்டடத்துக்குக் கீழே பக்காலாவுக்குப் போனோம்.
"பூஸ்" என்றாள்.
ஷொஃபிகுல் பாய் குபூஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.
தலையை ஆட்டினாள். "பூஸ்."
சின்ன பாக்கெட்டை நீட்டினார்.
"பூஸ்!"
என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி
ஜூஸ் பெட்டிக்கு அடியில் கன்னத்தை வைத்துக் கூப்பிட்டாள்.
வந்தது
ஒரு காதில் கொஞ்சம் குறைந்த,
சாம்பல் நிற,
எந்த ஸ்பான்சரும் இல்லாத பூனை.
ஷொஃபிகுல் பாய் குபூஸின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டார்.
பூஸ் பூஸைத் தின்றது.
இதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன் என்று
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தூக்கத்தில் நான் பேசுவேனாம்.
நம்பவில்லை, அந்தக் காலை வரைக்கும்.
சோற்றுக் கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு
கட்டிலிலிருந்து தலையணையை இறக்கிக்கொண்டிருந்தாள்:
"லோ... லோ... ஓல்."
என் குரல். என் இருமல்கூட.
தலையணை தரையைத் தொட்டதும்
நான் எந்தப் பெட்டியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்:
"தூங்கு."
டெல்சி பேனா தேடி ஓடினாள்.

அன்று இரவு ஷிப்டில்
பதினேழாவது கன்டெய்னரை லாரிமேல் வைத்தேன்.
ஒரு முடி சத்தமில்லை.
"தூங்கு" என்றது என் வாய்.
கீழேயிருந்து சிக்னல்காரன்,
"கியா போலா பாய்?"
ஒன்றுமில்லை. அடுத்ததை அனுப்பு.

அவளுக்கு எல்லா நாளும் நேத்து.
ஊசி போட்டது நேத்து.
பலூன் வாங்கப் போவதும் நேத்து.
வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகலாம் என்று
நான் சொல்லியிருந்தேன்.
"நேத்துப் போலாம்" என்று குதித்தாள்.
"நாளைக்கின்னு சொல்லு கண்ணு" என்றாள் டெல்சி.
விடு, திருத்தாதே.
ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தால்
அவள் இலக்கணம்தான் சரியாக வருகிறது.

அந்த வெள்ளியும் கப்பல் வந்துவிட்டது.
சனிக்கிழமைதான் போனோம், மஜீஸ் கரைக்கு.
தண்ணீர் வெதுவெதுப்பாக, தேநீர் ஆறியதுபோல.
அலை காலைத் தொட்டுத் திரும்பும்போது
அதனிடம் "வா" என்றாள்,
வந்ததும் "போ" என்றாள்,
ரொம்ப நேரம் கடல் அவள் சொன்னதைக் கேட்டது.

பிறகு என் தோள்மேல் ஏறி உட்கார்ந்து
தூரத்தில் துறைமுகத்தைக் காட்டினாள்.
வரிசையாகக் கழுத்தை நீட்டி நிற்கும் கிரேன்களை
ஒவ்வொன்றாக விரலால் தொட்டு,
"அப்பா" என்றாள்.
"அப்பா."
"அப்பா."
நாலாவது மூட்டத்தில் பாதி மறைந்திருந்தது.
அதையும் விடவில்லை.

கீழே இருக்கும் என்னை
என்னவென்று கூப்பிடப் போகிறாள் என்று காத்திருந்தேன்.
என் இரண்டு காதையும் லீவரைப்போலப் பிடித்து
இடப்பக்கம் திருப்பினாள்.
"லோ" என்றாள்.
மெதுவாக நடந்தேன்.