பேரேடு

கானாடுகாத்தானில் ஒன்பது அறை விடுதி எங்களுடையது.
எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம்;
முதலாளி மலேசியாவில் இருக்கிறார்,
நான் வரவேற்பு மேஜையில்.

தியாகேசன் மேலாளராய் இருந்த பதினான்கு மாதமும்
முகப்பில் ஒரு நோட்டு தொங்கியது.
ஐந்து நிமிடத் தாமதம் இருபது ரூபாய்,
சிரிக்காமல் வணக்கம் சொன்னால் ஐம்பது.
புதுவயல் பஸ் பஞ்சரானதற்கும்
செல்லக்கண்ணு இருபது கட்டினாள்.

எல்லாம் நேரத்துக்கு நடந்தது, மறுக்கவில்லை.
நாலாம் அறைக் குழாய் இரவெல்லாம் சொட்டியது,
ஏழு பேர் அதைக் கடந்து போனோம்.
குழாய் யார் பேரிலும் எழுதப்படவில்லை.
வேலையை விட்டவர்கள் ஆறு பேர்;
ஒருவன் சீருடையோடே திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

பிறகு உமையாள் வந்தார்.
முதல் வாரமே பிரெஞ்சுக்காரர் பதினோரு பேர்,
கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
எங்களைப் பார்த்துக் கேட்டார்:
"என்ன செய்யலாம்?"

கேள்வி வேறு யாருக்கோ என்று
செல்லக்கண்ணு பின்னால் திரும்பிப் பார்த்தாள்.
தூண்தான் இருந்தது.
"கட்டிலெல்லாம் ரெண்டாங்கட்டு முற்றத்துக்கு இழுத்துருவோம்,
மழையில்லையே" என்றாள்.

இழுத்தோம்.
பர்மா தேக்கு, கட்டிலுக்கு ஆறு பேர்.
ஒரு காலைப் பிடித்த உமையாள்
விரல் நசுங்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
"அதுக்கு அபராதம் எவ்வளவுங்க?"
சமையல்கட்டு சூசை கேட்டான்.
இருட்டில் யார் முதலில் சிரித்ததென்று தெரியவில்லை.

மறுநாள் சூசையே காரைக்குடி போய்
குழாய்க்கு வாஷர் வாங்கிவந்தான்.
பில் கொடுக்கவில்லை.
நோட்டின் மீதித் தாள்களில் பால்கணக்கு ஏறியது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை.

தியாகேசனுக்கு ஆறு மணிக்கு மேல்
ஒரு நிமிடம் கொடுத்ததில்லை நான்.
உமையாள் "இன்னிக்கு மட்டும்" என்றால்
பத்தரை ஆகிவிடுகிறது.
மகள் தூங்கிய வீட்டுக்குள்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறேன்.
மதுரை விடுதிக்காரர் நாலாயிரம் கூடத் தருவதாய்ச் சொன்னதற்கு
'இங்கே மனுஷரா நடத்துறாங்க சார்' என்று
செய்தி அனுப்பினேன்.
அனுப்பியபின் வாசித்துப் பார்த்தேன்.
மூன்று வருடமாய் அதே சம்பளம்.
அவர் திட்டியிருந்தால் போயிருப்பேன்.

சித்திரையில் அறைகள் காலி.
எல்லோரையும் பட்டாலையில் உட்காரவைத்து
வழக்கம்போல் கேட்டார்:
"என்ன செய்யலாம்?"

"சம்பளத்தைக் கூட்டலாம்" என்றேன்.

செல்லக்கண்ணு என்னைப் பார்க்கவில்லை,
தரைக்கல்லின் பூவைப் பார்த்தாள்.
நாலாம் அறைக் குழாயாவது
சொட்டித் தொலைத்திருக்கலாம்.

உமையாள் எழுந்து போனார்.
திரும்பி வந்தபோது கையில் பேரேடு.
என் பக்கம் திருப்பி வைத்து,
"நீங்களே பாருங்க" என்றார்.
குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது, நல்லது.

டீசல். சலவை. ஏஜென்ட் கமிஷன். பால்.
விரல் வைத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
சூசை கால்குலேட்டரை என் பக்கம் தள்ளுகிறான்.