இரண்டு மில்லிமீட்டர்

ஹம்மர்ஃபெஸ்டில் டிசம்பர்.
காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு அணையவில்லை.
என் அறையில் அதைவிட இருட்டு;
எதிரொலி பார்க்கிறவளுக்கு இருட்டு வேண்டும்.

இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறாள் ராக்ன்ஃப்ரிட்,
எழுபத்தொரு வயது,
முப்பத்தெட்டு ஆண்டு படகு ஓட்டியவள்.
"களிம்பு சில்லிடும்" என்றேன்.
"பேரன்ட்ஸ் கடலைவிடவா?"

விலா இடுக்கில் கருவியைச் சாய்த்துத் துழாவ
வந்து நின்றது வால்வு.
மூன்று இதழும் திறக்க மனமின்றி,
விளிம்பெல்லாம் சுண்ணாம்பு பூத்து,
உப்புக்காற்றில் கீல் இறுகிய கதவாய்
ஒவ்வொரு துடிப்புக்கும்
ஒருக்களித்து மட்டும் திறந்தது.

"இந்த வெள்ளை என்ன, கடலடியா?"
"சுண்ணாம்பு."
"அப்போ பாறை. நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம்."
ரத்தத்துக்குச் சுற்றுவழி கிடையாது
என்று நான் சொல்லவில்லை.

வால்வுக்கு முந்தைய நடைபாதையின் குறுக்களவு
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
கணக்கு சொன்னது: மிதம்.
பத்தொன்பது ஆண்டு பழகிய விரல்
அடுத்த பொத்தானுக்கு நகர்வதற்குள்,
போன வசந்தத்தில் வந்து சேர்ந்த நிரல்
அதே படத்தில் தன் பச்சைக் கோட்டைப் போட்டது.
இருபது.
கடுமை.

இரண்டு மில்லிமீட்டர், கடுகளவு.
ஆனால் சூத்திரம் அதை அதாலேயே பெருக்கும்,
கடுகு பெருத்துக் கல்லாகும்.

கோபம் வந்தது, மறைப்பானேன்.
பத்து லட்சம் நெஞ்சு பார்த்ததாம்,
விற்க வந்தவர் சொன்னார்.
ஒரு நெஞ்சின் சூடாவது தெரியுமா இதற்கு?

"மூச்சு வாங்குகிறதா?"
"இல்லை."
"படி ஏறினால்?"
"ஏறுவதில்லை."
"துறைக்கு நடந்தால்?"
"கோடையிலிருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.
அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது."

மூச்சு வாங்கவில்லை என்கிறவள்
உலகத்தை மடித்து மடித்து
ஒரு ஜன்னலளவு ஆக்கி வைத்திருக்கிறாள்.
நிரலுக்கு இதைக் கேட்கத் தெரியாது.
தெரிந்த நான்
அளந்து முடித்த பிறகு கேட்கிறேன்.

பச்சைக் கோட்டை அணைத்துவிட்டு
படத்தைப் பெரிதாக்கி மறுபடி அளந்தேன்.
இருபத்தொன்று.
இருபது.
இருபது.
என் முதல் கோடு
சுவரையும் கொஞ்சம் வழியென்று சேர்த்திருந்தது.

கண்பிசகுதானா அது?
மிதம் என்றால் அவளுக்கு வீடு.
கடுமை என்றால் பனிப்புயலின் இடைவெளி பார்த்து
ட்ரொம்சோவுக்கு விமானம்,
தொடை வழியே புது வால்வு,
ஒப்புதல் தாளில் நடுங்கும் ஒரு கையெழுத்து.
விரல் நுனியால் இப்படி
எத்தனை பேருக்கு இரக்கம் காட்டியிருப்பேன்?
அவர்களில் எத்தனை பேர்
தங்கள் ஜன்னலோடு முடிந்துபோனார்கள்?

நிரலுக்கு இரக்கம் கிடையாது, வன்மமும் கிடையாது.
போன செவ்வாய் இதே பச்சைக் கோடு
விலா எலும்பின் நிழலை வால்வென்று வரைந்து
மீன் ஆலைப் பையன் ஒருவனுக்கு நோய் எழுதியது.
அழித்தது நான்.

"உங்கள் இருவருக்கும் என்ன தகராறு?"
ராக்ன்ஃப்ரிட் திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.
சொன்னேன், கடுகு வரை எல்லாமும்.
"ஆழமானி மீன் என்று காட்டும்,
இறக்கினால் சில நாள் வெறும் ஜெல்லிமீன்.
அதற்காக வலையை இறக்காமல் இருந்ததில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"பாழாய்ப்போன பாறை" என்றாள்.

ஒலியைத் திறந்தேன், வேகம் பார்க்க.
இடுக்கில் நுழையும் காற்றாய் ரத்தம் சீறியது.
"இது வடமேற்கு.
இப்படி ஊதினால் படகை எடுக்க மாட்டோம்."
எழுந்து சட்டை மாட்டும்போது கேட்டாள்:
"ட்ரொம்சோவில் நாயை உள்ளே விடுவார்களா?"

அறிக்கையின் கடைசிப் பெட்டி:
அளந்தவர், நிரலா மனிதரா?
இரண்டையும் தொட வழியில்லை.
என் பெயரை அடித்தேன்.
நாய்க்குப் பெட்டியே இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
தனியாக வசிக்கிறார். நாய் உண்டு.