நான்காவது கூம்பு

விடியும் முன்பே ஓடுபாதைக்கு வந்துவிட்டேன்.
விமானம் இறங்கி நாற்பது வருடமான சிமெண்ட்.
விரிசல்களில் காட்டுக் கடுகு பூத்திருக்கிறது.
சஸ்காச்சுவான் காற்றுக்கு வேலியில்லை;
அடி கனத்த கூம்புகளாகப் பொறுக்கி
அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனேன்.
இருபது மீட்டர். இருபது. இருபது.
அங்கே நின்றேன்.

டேரில், உன் வலது கை எனக்குத் தெரியும்.
பதினொரு வருடம் ஒரே மேசையில்
உப்பு ஜாடிக்கு நீண்ட கை.
எதற்கும் அரை நொடி தாமதம்,
வளைவுக்கும் சரி
மன்னிப்புக்கும் சரி.

நான்காவது கூம்பை
மூன்றாவதை நோக்கி இரண்டடி இழுத்தேன்.
சுற்றிச் சாக்கட்டியால் கட்டம் போட்டேன்.
ஒரு தரை அணில் பார்த்தது.
பார்த்துவிட்டு வளைக்குள் போய்விட்டது.

எட்டு மணிக்கு எல்லாரும் நடந்து பார்த்தார்கள்
கையில் காப்பிக் கோப்பையோடு.
நடக்கிறவனுக்கு எல்லாக் கூம்பும் முழங்கால் உயரம்தான்.
ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்தபின்தான்
அவை ஒன்றாகச் சேர்ந்து
ஆரஞ்சுக் காடாகி வழியை மறைக்கும்.
டேரில் நான்காவதின் பக்கத்தில்
குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவ்வளவுதான்.

நீல மியாட்டா. கதவில் காகித நாடாவால் ஒட்டிய நாற்பத்தேழு.
ஒன்றுக்கு இடம்.
இரண்டுக்கு வலம்.
மூன்றில் பின்டயர் கொஞ்சம் சிணுங்கியது.
நான்குக்கு
கையை முன்னதாகவே திருப்பிவிட்டான்!
கூம்பு அசைந்தது
அவன் கிளப்பிய காற்றுக்கு மட்டும்.

எங்கே கற்றுக்கொண்டான்?
யாரிடம்?

மதியம் என் முறை.
டயர்களுக்குத் தண்ணீர் தெளித்தும் ரப்பர் வாசனை போகவில்லை.
ஒலிபெருக்கியில் யாரோ
"ஒரீசியா, இது உன் வழிதானே" என்று சிரித்தார்கள்.
ஆமாம், என் வழி.
தாளில் வரைந்தவள் நான், கல்லில் நட்டவள் நான்.
கண்ணுக்கு எல்லாம் நினைவிருந்தது.
காலுக்குத் தெரிந்ததோ பழைய கணக்கு:
இருபது, இருபது, இருபது, இரு...

தட்.

வண்டிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் முனகல்.
கண்ணாடியில் பார்த்தேன், பின்னால்
உருண்டுகொண்டிருந்தது ஆரஞ்சு.
மற்ற கூம்புகளையெல்லாம் சுத்தமாகத்தான் தாண்டினேன்.
நாற்பத்து நான்கு நொடி,
அதன்மேல் இரண்டு தண்டம்.

அந்த முனையில் சிவப்புக் கொடியோடு
காவல் நின்றவன் அவன்தான்.
பட்டியலைப் போட்டது நானில்லை.
ஓடி வந்தான். வாக்கி டாக்கியில் "ஒன்று" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
கூம்பைத் தூக்கிவந்து
மூன்றாவதைத் திரும்பிப் பார்த்தான்,
ஐந்தாவதைப் பார்த்தான்,
என் வண்டி நின்றிருந்த பக்கம் பார்த்தான்.
இரண்டடி தள்ளி வைத்திருக்கலாம்.
யாருக்கும் தெரிந்திருக்காது.

மண்டியிட்டு
என் டயர் அழித்த மூலையைச்
சாக்கட்டியால் மறுபடி வரைந்தான்,
நான் வைத்த அதே இடத்தில்.
அடுத்த வண்டி உறுமத் தொடங்கிவிட்டது.
அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை,
கோடு நேராக இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.